கறுப்புத் துணியின் கீழ்



முக்காலியின்மேல் மரப்பெட்டி, நடுவே துருத்தி, பின்னே தேய்த்த கண்ணாடி, அதனை மூடிய கறுப்புத் துணி: பாடசாலைக் குழுப்படம் எடுக்க வந்த நிழற்படக்காரரின் கமராவை உங்களுள் மூத்தோர் மறந்திருக்கமாட்டீர்கள். இளமையில் அத்தகைய பெட்டியொன்றிற் பழகி, பின்னர் இருபத்தைந்து ஆண்டுகள் அதனைத் தொடாதிருந்த நான், சென்ற ஆண்டு அதனை மீண்டும் கையிலெடுத்தேன்.

கையடக்கத் தொலைபேசி நொடியிற் படம் தரும்போது இப்பாரம் ஏன் என்று நண்பர்கள் வினவினர். 4 அங்குல அகலமும் 5 அங்குல நீளமுமுள்ள பிலிம் தாள், 35 மில்லிமீற்றர்ச் சுருளின் ஒரு படத்தினும் 13 மடங்குக்கு மேற்பட்ட பரப்புடையது. சேலையின் இழையும் முகத்தின் சுருக்கமும் அதிற் கலங்காது பதியும். ஆயினும் என்னை இழுத்தது இப்பெருமையன்று, சிக்கனமே. ஒரு கூட்டில் இரண்டு தாள்கள்தாம். வெளிநாட்டிலிருந்து தருவித்த பெட்டியில் இருபத்தைந்து. எதனைப் படமாக்குவதென்று முன்னரே தீர்மானித்தாக வேண்டும். கண்ணாடியிலோ உருவம் தலைகீழாகத் தெரியும். தெரிந்த முகமும் அங்கே புதிதாகிவிடுகிறது.

நெடுநாள் கிடந்த பெட்டியை அப்படியே நம்பலாகாது. இருண்ட அறையில் துருத்திக்குள் சிறு விளக்கை வைத்தால், மடிப்பு மூலைகளின் ஊசித் துளைகள் விண்மீன்கள்போல் மின்னும். அவற்றை அடைத்தல் வேண்டும். வில்லையின் ஷட்டரும் எண்ணெய் இறுகி மந்தமாகியிருக்கும். ஆனால் விரல்கள் மறப்பதில்லை. காரிருளில் தாளை நிமிர்த்திப் பிடித்து, அதன் ஓர வெட்டு வலப்புற மேல்மூலையில் தட்டுப்பட்டதும், மருந்துப் பக்கம் என்னை நோக்கியிருக்கிறதென்று அவை தாமே அறிந்துகொண்டன.

நமக்குப் பெருந்தொல்லை தண்ணீர். பிலிம் கழுவும் மருந்துகளின் கால அளவுகள் பெரும்பாலும் 20 பாகை செல்சியசுக்கு வகுக்கப்பட்டவை. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரோ 28 பாகையை அடுத்து நிற்கும். மருந்துத் தட்டைச் சுற்றிப் பனிக்கட்டி இடாவிடின் ஜெலற்றின் இளகும். சுண்ணக்கல் நிலத்து நீராதலால், உலரும்போது வெண்புள்ளிகளும் படியும்; கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. நாற்பத்தெட்டாம் வயதில், 1863 இல், இக்கலையைத் தொடங்கிப் பெருங் கண்ணாடித் தகடுகளாற் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமெரன் 1875 இல் இலங்கைக்குக் குடிவந்தார். 1879 இல் இங்கே காலமாகும்வரை அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை மிகச் சில. நல்ல நீரும் மருந்தும் கிடைத்தற்கிருந்த இடரை அதற்கொரு காரணமாகக் கூறுவர். என் சமையலறையில் பனிக்கட்டி உடைக்கையில் அவ்வம்மையாரை நினைத்துக்கொள்வேன்.

நான் பெட்டியைத் திறந்தது என் பெரியம்மாவுக்காக. அவருக்கு வயது எண்பத்தாறு. 1995 இன் இடப்பெயர்விற் குடும்பத்துப் படங்கள் யாவும் போயின, திருமணப்படம்கூட எஞ்சவில்லை. முற்றத்து மாநிழலில், வெயில் ஏறுமுன், கதிரையில் இருத்தினேன். அரை நொடி அசையாதிருக்க வேண்டுமென்றேன்.

"அரை நொடிக்கோ தம்பி இவ்வளவு ஆயத்தம்?" என்றார்.

துணிக்குள் நான் குவியம் பார்த்திருந்த பத்து நிமிடங்களில் அவர் படத்துக்கான முகத்தை விட்டுவிட்டார். கைகளை மடியில் வைத்து வேலிக்கப்பால் எதையோ பார்த்திருந்தார். இரண்டு தாள்களே எடுத்தேன். முதலாவதில் இமைத்துவிட்டார். இரண்டாவதிற் காதோரத்து நரைமயிர் ஒவ்வொன்றும் தெளிவு.

நான்கு பிரதிகள் கேட்டார். மூன்று, கனடாவிலுள்ள பிள்ளைகளுக்கு. நான்காவதை அலுமாரியில், காணி உறுதியோடு சேர்த்து வைத்திருக்கிறார்.