எண் சொல்வதுதான் சுவர்



வீட்டு பிளானை விரித்துப் பார்த்திருப்பீர்கள். சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் அதில் கோடுகளாக இருக்கும். ஆனால் கொத்தனார் அந்தக் கோட்டை அளந்து சுவர் எழுப்புவதில்லை. கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துத்தான் நூல் பிடிக்கிறார். எண் தப்பினால் சுவரும் தப்பும். அந்த எண்களையும் குறிப்புகளையும் ஒழுங்காக எழுத, படம் வரைகிறவரே கணினிக்குப் பழக்கிக்கொடுக்க முடியும். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் 1982-இல் வெளிவந்தது. 1986-இல் ஆட்டோலிஸ்ப் என்ற நிரல்மொழியை அதற்குள்ளேயே சேர்த்தார்கள். அதில் நாலைந்து வரி எழுதினால் போதும், நமக்கென்று ஒரு புதுக் கட்டளை கிடைத்துவிடும். விலை குறைந்த எல்டி பதிப்பில் நெடுங்காலம் இந்த வசதி இல்லை. 2024 பதிப்பில் அதற்கும் வந்துவிட்டது.

எளிய உதாரணம் ஒன்று. கணினிக்குள் கட்டடத்தை முழு அளவிலேயே வரைவார்கள். தாளில் எடுக்கும்போதுதான் சுருக்குவார்கள். தாளில் எழுத்து இரண்டரை மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தை நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால், கணினிக்குள் அந்த எழுத்தை 250 மில்லிமீட்டர் உயரத்தில் எழுத வேண்டும். ஐம்பதில் ஒரு பங்கு என்றால் 125. ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கை மனதில் போட்டால் எங்கேயாவது தவறும். சிறு நிரல் ஒன்று, எத்தனையில் ஒரு பங்கு என்று கேட்டு, தானே பெருக்கி, எழுத்தின் உயரத்தையும் படத்தில் அது இருக்க வேண்டிய அடுக்கையும் (லேயர்) சரிசெய்துவிடும். நாம் சொல்லை மட்டும் எழுதினால் போதும்.

நிரல் செய்யக்கூடிய, இதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. இரண்டு புள்ளிகளைக் காட்டினால் நடுவிலுள்ள தூரத்தை மென்பொருளே அளந்து, அளவுக்கோடு போட்டு எழுதும். சுவரோடு சேர்த்து அந்த அளவுக்கோட்டின் முனையையும் நகர்த்தினால் எண்ணும் மாறும். ஆனால் அவசரத்தில் சிலர் படத்தைத் திருத்தாமல், அளந்து வந்த எண்ணின் இடத்தில் வேறு எண்ணைத் தட்டச்சு செய்துவிடுவார்கள். அதன்பிறகு சுவர் எங்கே போனாலும் அந்த எண் அசையாது. பார்வைக்கு அதுவும் மற்ற எண்களைப் போலவேதான் இருக்கும். நூற்றுக்கணக்கான அளவுகளுக்கு நடுவே அதைக் கண்ணால் தேடிப் பிடிப்பது கடினம்.

நிரலுக்கு அது எளிது. ஒவ்வொரு அளவுக்கோட்டுக்குள்ளும், கையால் எழுதியது எதுவும் இருக்கிறதா என்பதற்குத் தனிப் பதிவு உண்டு. அளந்து வந்த எண்ணானால் அந்தப் பதிவு காலியாக இருக்கும். காலியாக இல்லாதவற்றையெல்லாம் சிவப்பாக்கு என்று பத்துப் பதினைந்து வரியில் சொல்லிவிடலாம். தாள் அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை ஓட்டினால், திருத்த வேண்டிய இடங்கள் கண்ணில் பட்டுவிடும்.

எச்சரிக்கையும் தேவை. நிரலில் பிழை இருந்தால் அது படம் முழுவதும் பரவும். ஆகவே முதலில் ஒரு நகலில் ஓட்டிப் பாருங்கள். யார் எழுதியது என்று தெரியாத நிரலை ஏற்றாதீர்கள். ஆட்டோலிஸ்ப்பில் எழுதப்பட்ட வைரஸ்களும் பரவியிருக்கின்றன.

பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி தங்கைகளே, அலுவலகங்களில் வரைந்துகொண்டிருக்கும் நண்பர்களே, நிரல் எழுதுவது வேறு யாருடைய வேலையோ என்று ஒதுங்காதீர்கள். எந்த எண் எங்கே தப்பும் என்பது வரைகிறவருக்குத்தான் தெரியும். அந்த அனுபவத்தை நாலு வரி நிரலாக எழுதி வைத்தால், பக்கத்து மேசையில் நாளை வந்து உட்காரும் புதியவருக்கும் அது காவலாக நிற்கும். நம் படத்தை நம்பித்தான் ஒரு குடும்பம் சேமிப்பைக் கொட்டி வீடு கட்டுகிறது. அதிலுள்ள ஒவ்வொரு எண்ணும் உண்மையாக இருக்க வேண்டும்.