தனிக்குடித்தனமும் குழந்தையின் உடல்நலமும்



குடும்ப அமைப்பின் மாற்றம் குழந்தைகளின் மன அழுத்தத்தையும் உடல்நலத்தையும் எவ்வாறு பாதிக்கிறது என ஆராயும் இக்கருத்தரங்கு தாம்பரத்தில் கூடுவது மிகவும் பொருத்தமானது. 1931இல் சென்னைக் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், 1984இல் அமைந்த ஏற்றுமதி மண்டலம் பெண்களைப் பெருமளவில் தொழிற்சாலைப் பணிக்கு அழைத்ததும், 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து மாநகராட்சியானதும் ஆகிய இப்பகுதியின் வரலாறு, பெரும்பாலும் வெளியூர்களிலிருந்து வந்து குடித்தனம் வைத்தவர்களின் வரலாறே ஆகும்.

கூட்டுக்குடும்பம் சிதைந்ததால் குழந்தைகள் நலிந்தனர் என்று மேடைகளில் அடிக்கடி கூறப்படுவது அவசர முடிவு. ஒரே கூரையின்கீழ் வாழ்வோரையும், உறவாலும் கடமையாலும் பிணைந்த குடும்பத்தையும் வேறுபடுத்திக் காண வேண்டும் எனச் சமூகவியலறிஞர் ஏ. எம். ஷா வலியுறுத்தினார். மணமானோர் தனியே வாழப் போவதைத் தனிக்குடித்தனம் என்றே குறிக்கும் தமிழ் வழக்கு, பிரிவது குடித்தனம்தானே தவிர குடும்பம் அன்று என்பதை உணர்ந்திருக்கிறது. பேறுகாலத்திற்குத் திருநெல்வேலியிலிருந்து இங்குள்ள செம்பாக்கம் வந்து சில மாதம் தங்கிச் செல்லும் ஆச்சி, குடித்தனக் கணக்கில் இடம்பெறார். குழந்தையின் கணக்கிலோ அவரே முதலிடம் பெறுவார்.

இவ்வேறுபாட்டின் விளைவை உடலிலேயே அளக்க முடியும். சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள், அச்சமோ கலக்கமோ நேரும்போது கார்ட்டிசால் என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கின்றன. சிறிது நேரம் மிகுவது உடலுக்குத் துணை, நீண்ட நாள் மிகுந்தே இருப்பது நோய் எதிர்ப்பாற்றலைக் குலைப்பது. கரீபியத் தீவான டொமினிக்காவின் சிற்றூர் ஒன்றில் மானிடவியலறிஞர் மார்க் ஃபிளின் 1988 முதல் குழந்தைகளின் உமிழ்நீரைப் பல்லாண்டுகள் சேகரித்து அதிலுள்ள கார்ட்டிசாலை அளந்தார். உறவினர் துணையின்றித் தாய் மட்டுமே வளர்த்த குழந்தைகளிடமும், மாற்றாந்தந்தையுடன் வாழ்ந்த குழந்தைகளிடமும் அது உயர்ந்து காணப்பட்டது. தாய் தனித்திருந்தும் பாட்டி முதலிய உறவினர் கைகொடுத்த வீடுகளில் அவ்வாறு உயரவில்லை. ஆகவே குடும்பத்தின் வடிவத்தைவிட, தாய்க்குத் துணைநிற்கும் கைகளே குழந்தையின் நலத்தை மிகுதியும் தீர்மானிக்கின்றன எனக் கொள்வதே தகும். தந்தையின் கைகளும் அவற்றுள் அடங்கும் என்பதை ஆய்வாளர் மறக்கலாகாது.

உறவினர் துணையை ஊரில் விட்டுவந்த குடித்தனங்களுக்கு அரசும் நிறுவனங்களும் செய்திருப்பது போதாது. ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திருத்தம் விதித்தும், சிறு பட்டறைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் தாய்மார் அந்த விதியின் வரம்புக்குள் வருவதில்லை; 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் இயங்கும் அங்கன்வாடிகளோ, தாய் வீடு திரும்ப ரயிலேறும் முன்பே அன்றைய பணியை முடித்துக்கொள்கின்றன. இங்குக் கட்டுரை படிக்கவிருக்கும் ஆய்வாளர்கள், குடும்பம் கூட்டா தனியா என்று வகைப்படுத்துவதோடு நில்லாது, பள்ளி விட்டு வரும் குழந்தைக்குக் கதவைத் திறப்பவர் யார் என்பதையும் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளிலும் அங்கன்வாடிகள் மாலை ஏழு மணி வரை திறந்திருக்க வேண்டும் என்னும் கோரிக்கையை இவ்வவை அரசின்முன் வைத்தல் வேண்டும்.