பேத்தியின் பள்ளியில் ஒரு வெள்ளிக்கிழமை



மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில், நியூஜெர்சியில் ஆறு மாசம் இருந்தேன். மூத்த பேத்தி படிப்பது யூதர்கள் நடத்தும் பாலர் பள்ளி. எல்லா மதப் பிள்ளைகளையும் சேர்த்துக்கிறாங்க.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் யூதர்களுக்கு 'ஷபாத்' என்ற ஓய்வு நாள் தொடங்கும். அதுக்காக அன்னைக்குக் காலையில் பிள்ளைகளே மாவு பிசைந்து, சடை பின்னுற மாதிரி பின்னி 'ஹல்லா' ரொட்டி செய்வாங்க. உண்டியலில் ஆளுக்கொரு காசு போடுவாங்க. அதுக்குப் பேர் 'செதாக்கா'. "தருமம்தானே?"ன்னு கேட்டேன். எபிரேய மொழியில் நீதி என்ற சொல்லும் இதுவும் ஒரே வேர் என்றார் டீச்சர். கொடுக்கிறது இரக்கம் இல்லையாம், கடமையாம்.

நடக்க முடியாத பையன் ஒருத்தன், நாலு வயசு. அவனோட சக்கர நாற்காலி உள்ளே நுழையிற அளவுக்கு மேசையை உயர்த்தியிருந்தாங்க. மத்த பிள்ளைகள் நின்னுகிட்டே பிசைஞ்சாங்க. என் பேத்தி அவன் மூக்கில் மாவைப் பூச, அவன் திருப்பிப் பூச, ஒரே கூத்து.

எனக்குச் சிரிப்பு வரல. அங்கன்வாடி உதவியாளரா இருந்தப்போ, கால் வராத ஒரு பொண்ணை, "வீட்டிலேயே வச்சுக்கம்மா, யாரு தூக்கிட்டு அலையிறது"ன்னு திருப்பி அனுப்பினவ நான். அந்த அம்மா நம்ம உறுப்பினர்தான். அவங்க சம்மதத்தோடதான் சொல்றேன்.

ஊர் திரும்பியதும் அவங்க வீட்டுக்குப் போனேன். பொண்ணுக்கு இப்போ பதினொரு வயசு. பள்ளிக்கூட வாசலையே மிதிச்சதில்லை. அடுத்த கூட்டத்தில் அவளைப் பள்ளியில் சேர்க்கிறதைப் பத்திப் பேசணும்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லியிருக்கேன்.