கிட்டப் பார்வையும் அதன் திருத்தமும்
(மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக, வெற்றிலைத் தோட்டங்கள் நிறைந்து விளங்குவது எமது களுதாவளை. இங்கும், வேறெந்த ஊரிலும், வகுப்பிலே கரும்பலகையைப் பார்த்தெழுத இயலாது பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தெழுதும் பிள்ளைகள் உளர். அதனைக் கவனக்குறைவு என்பர் சிலர். மந்தபுத்தி என்பர் வேறு சிலர். குறை புத்தியிலன்று, பார்வையிலேயே இருக்கக்கூடும் என்பதை ஆராயாமல் ஒரு பிள்ளையின் படிப்பைப் பாழாக விடலாமா?

கண்ணினுட் புகும் ஒளிக்கதிர்கள் விழித்திரையிற் குவிந்தாலே உருவம் தெளிவாகும். கண்கோளம் முன்பின்னாகச் சற்று நீண்டுவிட்டாலும், கண்ணின் முன்படலம் அளவுக்குமேல் வளைந்திருந்தாலும், தூரத்திலிருந்து வரும் கதிர்கள் விழித்திரையை எட்டுமுன்னரே குவிந்துவிடுகின்றன. ஆதலின் கையிலுள்ள புத்தகம் தெளிவாகத் தெரியும், கரும்பலகை மங்கலாகும். இதுவே கிட்டப் பார்வை.

இதனைத் திருத்துவது குழிவு வில்லை. அது கதிர்களைச் சற்றே விரித்து அனுப்ப, அவை குவியுமிடம் பின்சென்று விழித்திரையிற் பொருந்துகின்றது. 1462-ஆம் ஆண்டிலேயே மிலான் நகரக் கோமகன் புளோரன்சிலிருந்து தூரப் பார்வைக்கான கண்ணாடிகளை வரவழைத்தான். அவை எவ்வாறு உதவுகின்றன என்பதை 1604-இல் விளக்கியவர் வானியல் அறிஞர் கெப்ளர். கண்ணாடிச் சீட்டிலே கழித்தல் 2 டயொப்டர் என்றிருந்தால், அக்கண்ணுக்கு அரை மீற்றருக்கு அப்பால் எதுவும் தெளிவில்லை என்பது பொருள்.

“கண்ணாடி போட்டாற் கண் மேலும் கெடும்” என்று அஞ்சுவோர் உளர். மலேசியாவில் நடந்து 2002-இல் வெளிவந்த ஆய்விலோ, தேவைக்குக் குறைந்த வலுவுள்ள கண்ணாடி அணிந்த பிள்ளைகளுக்கே குறை சற்று விரைந்து வளர்ந்தது. பெண்பிள்ளைக்குக் கண்ணாடி போட்டாற் கலியாணம் தடைப்படும் என்று ஒளிப்பதும் தகாது. மங்கிய பார்வை அவளது படிப்பைத் தடுப்பதே பெருந்தடை. லேசர்ச் சிகிச்சை முன்படலத்தின் வளைவைத் திருத்தும். ஆயினும் குறை வளர்ந்து நின்ற பின்னரே அது செய்யப்படும். நீண்ட கண்கோளத்தை அது குறுக்காது. எனவே குறை மிகுந்தவர்கள் பின்னரும் விழித்திரையைப் பரிசோதித்து வருதல் வேண்டும்.

வருமுன் காக்க வழியுண்டா? சீன வமிசத்துப் பிள்ளைகள், 6, 7 வயதினர், இரு நகரங்களில் ஆராயப்பட்டனர். 2008-இல் வெளியான முடிவின்படி சிங்கப்பூரில் 100-க்கு 29 பேருக்கும் சிட்னியில் 3 பேருக்கும் கிட்டப் பார்வை இருந்தது. வாசிப்பிலே சிட்னிப் பிள்ளைகள் பின்தங்கியவரல்லர். அவர்கள் வாரத்தில் ஏறக்குறைய 14 மணித்தியாலம் வெளியிலே திரிந்தனர். சிங்கப்பூர்ப் பிள்ளைகளோ 3 மணித்தியாலமே. பகலொளி கண்கோளத்தின் மிகுவளர்ச்சியைத் தடுக்கின்றது என்பதே அறிஞர் பலரின் கருத்து. புலமைப்பரிசிற் பரீட்சைக்கென விடியல் முதல் இருள்வரை பிள்ளைகளை அறைக்குள் அடைக்கும் பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக! கடற்கரை மணலும் கோயில் வீதியும் இருக்க, மாலையில் ஓடி விளையாட எமது பிள்ளைகளுக்கு இடத்திற்கா பஞ்சம்?

மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வோராண்டின் தொடக்கத்திலும் எழுத்து அட்டையொன்றை 6 மீற்றர் தூரத்தில் மாட்டி, பிள்ளைகளின் கண்களை ஒவ்வொன்றாக மூடச்செய்து வாசிப்பிப்போம். வாசிக்க இடர்ப்படுவோரை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். செலவு சிறிது; பயனோ ஒரு பிள்ளையின் எதிர்காலம்.