சட்டபீடத்துக்குத் தலைவரைத் தெரிதல்

(சட்ட மாணவர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஒரு பல்கலைக்கழகத்தின் சட்டபீடத்துக்கு யார் தலைவராவது என்பது அப்பல்கலைக்கழகத்தின் மதிலுக்குள் அடங்கிவிடும் வீட்டு விவகாரம் என்று எண்ணுவோர் பலர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. பொறியியற் பீடம் பாலங்களை அமைப்போரை உருவாக்குகிறது. மருத்துவ பீடம் நோய் தீர்ப்போரை உருவாக்குகிறது. சட்டபீடமோ, நாளை நீதியாசனத்தில் அமரப்போகின்றவர்களையும், அந்த ஆசனத்தின் முன்னே நின்று ஆட்சியாளரை நோக்கி "இது முறையன்று" என்று சொல்ல வேண்டியவர்களையும் உருவாக்குகிறது. அத்தகைய பீடத்தின் தலைவரே வாய் திறக்க அஞ்சுபவராயின், அவரிடம் பயில்வோர் எதனைக் கற்பர்? சட்டத்தின் எழுத்தைக் கற்பர். அதன் நெஞ்சுரத்தைக் கற்கமாட்டார்.

இதனை வெறும் தத்துவமாகச் சொல்லிச் செல்ல நாம் விரும்பவில்லை. 2007 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை உங்கள் முன் வைக்கின்றோம். ஒரே வாரத்துள் நடந்து முடிந்த அச்சம்பவம் நூறு சொற்பொழிவுகள் கற்பிக்க இயலாத பாடத்தைக் கற்பித்தது.

கலிபோர்ணியா மாநிலத்தில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குத் தெற்கே ஏர்வைன் என்றொரு நகர் உண்டு. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களுள் ஒன்று 1965 இல் அங்கே திறக்கப்பட்டது. அவ்வளாகத்திற் சட்டபீடம் ஒன்றை நிறுவுவதற்குப் பல்கலைக்கழக ஆளுநர் சபை 2006 இல் அங்கீகாரம் அளித்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அம்மாநிலத்தில் அரச பல்கலைக்கழகம் எதுவும் புதிய சட்டபீடத்தைத் தொடங்கியிருக்கவில்லை. டொனால்ட் பிரென் என்னும் செல்வந்தர் இரண்டு கோடி டொலரை நன்கொடையாக வழங்கினார். பணம் வந்தது; அங்கீகாரமும் வந்தது. இனி வேண்டியது தலைவர் ஒருவரே.

தெரிவுக் குழு தேடியது. வளாகத்தின் தலைவராக இருந்தவர் மைக்கல் டிரேக் என்னும் கண் மருத்துவர். அவருடைய பதவி நம் நாட்டுத் துணைவேந்தர் பதவியை ஒத்தது. அவர் பேராசிரியர் ஏர்வின் செமரின்ஸ்கி அவர்களுக்கு அழைப்பு விடுத்தார். அரசியலமைப்புச் சட்டத்தில் ஆழ்ந்த புலமை பெற்றவர் செமரின்ஸ்கி. அத்துறை மாணவர் பலரும் கையில் வைத்துப் படிக்கும் நூலின் ஆசிரியர். அப்பொழுது வட கரொலைனாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்திற் கற்பித்துக்கொண்டிருந்தவர்.

அவர் ஏட்டுப் புலவர் மாத்திரமல்லர். ஏறக்குறைய நூற்றைம்பது டொலர் பெறுமதியான ஒன்பது ஒளிப்பட நாடாக்களைத் திருடினான் என்பதற்காக, முன்னைய குற்றங்களையும் கணக்கிற் சேர்த்து, குறைந்தது ஐம்பது ஆண்டுகள் சிறையிற் கழிக்குமாறு ஒரு மனிதனைக் கலிபோர்ணியாவின் சட்டம் தண்டித்தது. அம்மனிதனுக்காக அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முன் தோன்றி வாதாடியவர் இப்பேராசிரியரே. 2003 இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அவ்வழக்குத் தோற்றது. தோற்கக்கூடிய வழக்கென்று தெரிந்தும் ஏழையின் பக்கம் நின்றவர் அவர். இத்தகையவருக்கு நண்பரும் இருப்பர், பகைவரும் இருப்பர். அது வியப்பன்று.

2007 ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் வாரத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. செப்டம்பர் 11 ஆம் திகதி டிரேக் அதனை மீளப்பெற்றார்! காரணம் யாது? பேராசிரியர் அரசியலில் மிகுந்த சர்ச்சைக்குரியவராகிவிட்டார் என்று தமக்குச் சொல்லப்பட்டதாகச் செமரின்ஸ்கி உலகறியக் கூறினார். சில வாரங்களுக்கு முன்னர்தான், மரண தண்டனைக் கைதிகளின் மேன்முறையீட்டுக்குரிய கால எல்லையைக் குறுக்க முனைந்த அரசாங்கத் திட்டத்தைக் கண்டித்து அவர் ஒரு நாளிதழிற் கட்டுரை எழுதியிருந்தார். பழைமைவாதிகள் சிலர் அவர் நியமனத்தை எதிர்த்தனர் என்ற செய்தியும் வெளியாயிற்று. வெளியார் நெருக்குதல் எதுவும் இல்லை, முடிவு தம்முடையதே என்றார் டிரேக்.

அதன் பின் நிகழ்ந்ததுதான் கவனிக்கத் தக்கது. செமரின்ஸ்கியின் கட்சியினர் கொதித்தெழுந்தனர் என்பதிற் புதுமை இல்லை. அவருடைய கருத்துக்களைக் காலமெல்லாம் எதிர்த்து வந்தவர்களும் எழுந்தனர்! ஜனாதிபதி ரீகன் ஆட்சியில் நீதித் திணைக்களத்திற் பணியாற்றியவரும், பழைமைவாதச் சட்ட அறிஞருமாகிய பேராசிரியர் டக்ளஸ் கிமிக் அவருக்கு ஆதரவாகப் பத்திரிகையில் எழுதினார். ஏர்வைன் வளாகத்து ஆசிரியர்கள் தம் தலைவரையே கேள்வி கேட்டனர். நாடெங்குமுள்ள ஆசிரியர்கள் கண்டன விண்ணப்பங்களிற் கையொப்பமிட்டனர். டிரேக் அவர்கள் வட கரொலைனாவுக்கு நேரிற் சென்று செமரின்ஸ்கியைச் சந்தித்தார். செப்டம்பர் 17 ஆம் திகதி இருவரும் கூட்டறிக்கை விடுத்தனர். நியமனம் மீண்டும் உறுதியாயிற்று.

அன்பர்களே! இச்சம்பவத்திலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடங்கள் மூன்று.

முதலாவது, காவல் இல்லாத இடத்திலேதான் காவல் மிகவும் வேண்டும். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்குத் தகுதிச் சான்று வழங்கும் வழக்கறிஞர் சங்கம் ஒரு நியமத்தை வகுத்துள்ளது. தக்க காரணமின்றி, ஆசிரியருட் பெரும்பாலோரின் வெளிப்படையான எதிர்ப்பை மீறிப் பீடாதிபதியை நியமித்தல் ஆகாது என்பதே அது. ஆனால் ஏர்வைனில் ஆசிரியர் குழுவே இன்னும் தோன்றவில்லை. முதற் பீடாதிபதி வந்தே முதல் ஆசிரியர்களைத் தெரிய வேண்டும். பீடத்தின் உள்ளே நின்று தட்டிக் கேட்பதற்கு ஒருவரும் இல்லாத வேளை அது. முதற் செங்கல் கோணலானால் சுவர் முழுவதும் கோணலாகும் என்பதை உணர்ந்தே வெளியிலிருந்தோர் குரல் எழுப்பினர்.

இரண்டாவது, நேர்மையான ஐயத்துக்கும் அச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிய வேண்டும். பீடாதிபதி என்பவர் எல்லாக் கட்சியாரோடும் பேச வேண்டியவர். நன்கொடை திரட்ட வேண்டியவர். தம்மோடு மாறுபடும் ஆசிரியரையும் மாணவரையும் சமமாக நடத்த வேண்டியவர். அடிக்கடி களத்தில் இறங்கிப் போராடும் ஒருவர் இப்பணிகளுக்கு இசைவாரா என்று கேட்பது குற்றமன்று. அது கேட்க வேண்டிய கேள்வியே. ஆயின், அதனைக் கேட்கும் இடம் தெரிவுக் குழுவின் மேசை. கேட்கும் காலம் கையொப்பத்துக்கு முன். கையொப்பத்தின் பின், கூச்சல் எழுந்த பின் கேட்கப்படும் கேள்வி ஆராய்ச்சியாகாது. கூச்சலிட்டோருக்கு வழங்கப்படும் தடுப்புரிமையே ஆகும். இன்று ஒரு பக்கத்தாரின் கூச்சலுக்குப் பணிந்தால் நாளை மறுபக்கத்தாரின் கூச்சலுக்கும் பணிய வேண்டிவரும். கிமிக் போன்றோர் எதிரிக்காக வாதாடியதன் பொருள் இதுவே. தம் பக்கத்து அறிஞரையும் காக்கும் வேலி அது என்பதை அவர்கள் கண்டனர்.

மூன்றாவது, தவறு நேர்ந்தபோது திருந்துவதும் தலைமைப் பண்பே. டிரேக் அவர்கள் பிழையைப் பிறர் தலையிற் சுமத்தவில்லை; ஒரு வாரத்துள் திரும்பி வந்தார். பதவியின் கௌரவம் என்ற பெயரில் பிழையைக் கட்டிக்கொண்டு அழுகின்ற அதிகாரிகளைக் கண்டு சலித்த நமக்கு இது சிறிய செய்தி அன்று.

விளைவு என்ன? 2009 ஆகஸ்ட் மாதத்தில் அறுபது மாணவருடன் அச்சட்டபீடம் திறக்கப்பட்டது. அவ்வறுபதின்மருக்கும் மூன்றாண்டுக் கற்கைக் கட்டணம் முழுவதும் புலமைப்பரிசிலாகக் கிடைத்தது. 2014 இல் முழுமையான தகுதிச் சான்றும் வந்தது. "சர்ச்சைக்குரியவர்" என்று ஒதுக்கப்பட இருந்த மனிதரே 2017 வரை அதனை வழிநடத்தினார்; பின்னர் பேர்க்கிலிச் சட்டபீடத்தின் தலைமையை ஏற்றார்.

இனி நம் பக்கம் திரும்புவோம். 1947 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் சட்டத்துறை தோன்றியது. இந்நாட்டுச் சட்டமுறையின் வரலாற்றை ஆராய்ந்து 1972 இற் பெருநூல் வெளியிட்ட பேராசிரியர் த. நடராஜா போன்ற புலமையாளர் பீடாதிபதியாக வீற்றிருந்த மரபு நம்முடையது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம், பீடாதிபதியைப் பீடச் சபையே மூன்றாண்டுக்குத் தெரிவு செய்யும் முறையை வகுத்தது. மேலிருந்து நியமிப்பதினும் இது மேலான முறை என்பதில் ஐயமில்லை. ஆனால் நண்பர்களே, வாக்குரிமை இருக்கும் இடமெல்லாம் சுதந்திரம் இருக்கும் என்று நாம் மயங்கலாகாது. ஊரைப் பார்த்தும், உறவைப் பார்த்தும், மேலிடத்தின் முகத்தைப் பார்த்தும் வாக்களித்தால், சட்டம் தந்த காவலை நம் கையாலேயே களைந்தவர் ஆவோம். வேலியை வைத்தது சட்டம். அதனைக் காப்பது நாம்.

ஆகவே தெரிவு செய்வோர் தம் நெஞ்சைக் கேட்க வேண்டிய கேள்விகள் சில. இவர் கற்றவரா? தம் ஆசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரைக்காக அதிகாரம் சினந்தால், அவர் முன் நின்று காப்பவரா? தம்மை எதிர்த்து வாக்களித்தவருக்கும் நீதி செய்வாரா? இவற்றுக்கு ஆம் என்ற விடை கிடைக்குமாயின், அவர் எக்கட்சியினர், எம்மொழியினர், எச்சமயத்தினர் என்ற ஆராய்ச்சி வேண்டியதில்லை.

மாணவ நண்பர்களே! உங்களுக்கு இன்று வாக்கு இல்லாதிருக்கலாம்; கண் உண்டு. உங்கள் பீடத்தின் தலைவர் அஞ்சுவதை நீங்கள் கண்டால், நீங்களும் அஞ்சக் கற்பீர்கள். அவர் நிமிர்ந்து நிற்பதைக் கண்டால், ஒருநாள் நீதிமன்றத்தில், வலியவன் ஒரு பக்கமும் எளியவன் மறுபக்கமும் நிற்கும் வேளையில், எப்பக்கம் நிற்பதென்று உங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிராது. அந்த நாளுக்காகவே இன்று தலைவரைத் தெரிகின்றோம் என்பதை மறவாதிருப்போமாக.