பை அறுந்தால் சுமை எங்கே போகும்?

(நமது நகரிலிருந்து ராணுவத்துக்குத் தேர்வாகியுள்ள மூன்று இளைஞர்களுக்கு, குடியரசு தினத்தன்று சங்கக் கட்டடத்தில் வழியனுப்பு விழா நடைபெற்றது. சங்க உறுப்பினரும் ஓய்வுபெற்ற ஹவில்தாருமான ஒருவர் அன்று பேசியதை, வர முடியாத உறுப்பினர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)

என் வீட்டுக்கு எதிரிலேயே கிரிக்கெட் ஆடி ஜன்னல் கண்ணாடியை உடைத்து, இன்று பட்டாளத்துக்குப் புறப்படும் தம்பிகளே!

தேசபக்தியைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் செயலாளர் என்னை அழைத்தார். ஆனால் போன வாரம் பால் வாங்கப் போன இடத்தில் இந்தத் தம்பிகளில் ஒருவரின் அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணா, பையன் ஆன்லைனில் ஒரு மிலிட்டரி பேக் பார்த்து வைத்திருக்கிறான். ஏழாயிரம் ரூபாய் சொல்கிறான். பத்து வருஷம் உழைக்குமாம். வாங்கித் தரலாமா?" என்றார். அங்கேயே நின்று பதில் சொல்ல முடியவில்லை. அதனால் அந்தப் பதிலையே இன்றைய பேச்சாக வைத்துக்கொள்கிறேன். தேசபக்தியைப் பற்றி அடுத்து வருபவர்கள் பேசட்டும்.

அம்மா, முதல் பதில் இதுதான்: இப்போது வாங்காதீர்கள். பயிற்சிக் காலத்துக்கு வேண்டிய பையைப் பயிற்சி மையத்திலேயே கொடுப்பார்கள். எல்லோரும் ஒரே பையைத்தான் சுமக்க வேண்டும். பயிற்சி முடிந்து யூனிட்டுக்குப் போன பிறகு, ரோந்துக்குச் சொந்தப் பை கொண்டுபோகலாமா, என்ன நிறம், என்ன அளவு என்று அங்குள்ள சீனியர் ஹவில்தாரிடம் கேட்டுவிட்டு வாங்கட்டும். அனுமதி இல்லை என்றால் பேச்சு அதோடு முடிந்தது. அனுமதி உண்டு என்றால் எப்படிப் பார்த்து வாங்குவது? அதற்கு முன் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

2001-ஆம் ஆண்டு. வடகிழக்கு மலைப்பகுதியில் இருந்தோம். எங்கள் கம்பெனியில் சொந்தப் பை கொண்டுபோக அனுமதி இருந்தது. விடுமுறைக்கு வந்தபோது ஒரு ரயில் நிலையத்துக்கு எதிர்க் கடையில் 450 ரூபாய்க்கு ஒரு பை வாங்கினேன். அதில் ஒன்பது பாக்கெட். அந்த ஒன்பது பாக்கெட்டைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். தையலைப் பார்க்கவே இல்லை.

நான்கு நாள் ரோந்து. இரண்டாம் நாள் இரவு, மழையில், இறக்கத்தில் இறங்கும்போது இடது தோள் வார் மேல்பக்கம் பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. கயிறு போட்டுக் கட்டினேன். சுமை ஒரு பக்கமாக இழுத்ததில் நடக்க முடியவில்லை. எனக்குப் பின்னால் வந்தவன் சித்தூர்ப் பக்கத்துக்காரன், என் நண்பன். ஒரு வார்த்தை பேசவில்லை. என் பையிலிருந்த ரேடியோ பேட்டரியையும் ரேஷனையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். ஏழெட்டுக் கிலோ இருக்கும். விடிகாலையில் ஓர் ஓடையைத் தாண்டும்போது பாசிக்கல்லில் அவன் கால் வழுக்கி முட்டி திருகிக்கொண்டது. அவனைத் தூக்கிக்கொண்டுதான் திரும்பினோம்.

அந்த ஆண்டு பதவி உயர்வுப் படிப்புக்கு எங்கள் இருவர் பெயரும் இருந்தது. நான் போனேன். அவன் மருத்துவமனைக்குப் போனான். அதன் பிறகு அவனை ரோந்துக்கு அனுப்பவில்லை.

தம்பிகளா, அன்று நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பை அறுந்தால் அதிலிருக்கும் சுமை காணாமல் போய்விடாது. பக்கத்தில் நடப்பவன் தோளுக்குப் போகும். உறுதியான பை என்று தேடுவது உங்கள் காசு வீணாகாமல் இருக்க மட்டும் அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு கேளுங்கள்.

முதலில் எடைக் கணக்கு. குழந்தைகளின் பள்ளிப் பை உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. நடந்து போகும் வீரனுக்கு உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. அறுபது கிலோ ஆளுக்கு இருபது கிலோ. துப்பாக்கி மட்டும் நான்கு கிலோவுக்கு மேல். குண்டு துளைக்காத ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் சேர்ந்தால் பத்துக் கிலோவைத் தாண்டும். மூன்று லிட்டர் தண்ணீர் என்றால் மூன்று கிலோ. பையை இன்னும் தோளில் மாட்டவே இல்லை, கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதனால் களத்தில் இந்தக் கணக்கு மீறப்படத்தான் செய்கிறது. மீறுவதையும் குறைவாக மீற வேண்டும் என்றால், காலிப் பையே இரண்டரை மூன்று கிலோ இருக்கக் கூடாது. பெரிய பை வாங்கினால் இடம் இருக்கிறதே என்று நாமே எதையாவது போட்டு நிரப்புவோம். ஒரு நாள் ரோந்துக்கு 30 முதல் 40 லிட்டர் பை போதும்.

வண்டி வரும், ஹெலிகாப்டர் வரும் என்று நம்பியும் பை வாங்கக் கூடாது. 1982-ல் ஃபாக்லாந்து தீவுகளில் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் போரிட்டன. பிரிட்டிஷ் ஹெலிகாப்டர்களைக் கொண்டுவந்த 'அட்லாண்டிக் கன்வேயர்' என்ற கப்பல் தாக்கப்பட்டது. உள்ளே இருந்த ஹெலிகாப்டர்களும் அதோடு போயின. பறந்து போக வேண்டிய வீரர்கள் நடக்க வேண்டியதாயிற்று. '45 கமாண்டோ' பிரிவினர் ஆளுக்குச் சுமார் 36 கிலோ சுமையோடு மூன்றே நாளில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் நடந்தார்கள். அவர்கள் முதுகில் இருந்த பைக்கு 'பெர்கன்' என்று பெயர். 1909-ல் முதுகின் வளைவுக்கு ஏற்றபடி சட்டம் வைத்த பைக்குக் காப்புரிமை வாங்கிய நார்வேக்காரர் ஓலே பெர்கனின் பெயர் அது. முதுகோடு பொருந்துகிறதா என்பதுதான் பையின் முதல் தகுதி என்று அவர் அப்போதே கண்டுகொண்டார்.

அடுத்தது துணி. கடைக்காரர் "ஆயிரம் டெனியர் சார்" என்பார். டெனியர் என்பது நூலின் எடைக் கணக்கு. ஒன்பதாயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அத்தனை டெனியர். ஆயிரம் என்றால் தடித்த நூல், ஐந்நூறு என்றால் அதில் பாதி. பாறையில் உரசும் அடிப்பகுதி ஆயிரமாக இருக்கட்டும். மற்ற இடங்களுக்கு நல்ல நைலானில் ஐந்நூறு போதும், எடையும் குறையும். நைலானா பாலியெஸ்டரா என்று கேளுங்கள். எண் ஒன்றாக இருந்தாலும் உரசலை நைலான் கூடுதலாகத் தாங்கும். துணியின் உள்பக்கம் தண்ணீர் புகாதபடி ஒரு பூச்சு இருக்கும். ஈரத்தோடு மடித்து வைத்தால் நாளடைவில் அது பிசுபிசுத்து உரிந்துவிடும். எவ்வளவு நல்ல பூச்சாக இருந்தாலும் தையல் ஓட்டை வழியே மழை இறங்கும். ஆகவே "வாட்டர்ப்ரூஃப்" என்பதை நம்பாமல் உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தையல். நான் பார்க்காமல் விட்டது. பையை உள்பக்கம் திருப்புங்கள். தோள் வார் பையோடு சேரும் இடத்தில் வாரின் நுனி துணி மடிப்புக்குள் போயிருக்க வேண்டும். அதன்மேல் சதுரமாகவும் குறுக்கே பெருக்கல் குறி போலவும் தையல் ஓடியிருக்க வேண்டும், அல்லது நெருக்கமாகத் திரும்பத் திரும்ப அடித்த தையல் இருக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் என்றால் பையைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். துணி விளிம்புகளில் நாடா வைத்துத் தைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் நூல் பிரிந்துகொண்டே போகும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை உண்டு. பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டை உள்ளே வைத்து, ஒரே வாரைப் பிடித்துத் தூக்கி நாலு குலுக்குக் குலுக்குங்கள். மாட்டிக்கொண்டு மாடிப்படி இருபது முறை ஏறி இறங்குங்கள். தையல் வாய் பிளந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். மலையில் போய்த் திருப்பிக் கொடுக்க முடியாது.

நான்காவது, சுமை உட்காரும் இடம். எல்லாம் தோளிலேயே தொங்கினால் கைக்குப் போகும் நரம்பு நசுங்கும். கை மரத்துப்போகும், சில பேருக்குத் தூக்கவே வராது. 'ரக்சாக் பால்சி' என்றே மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கனமான சுமை என்றால் இடுப்பு பெல்ட் வேண்டும். அது துணிப் பட்டையாக இல்லாமல் மெத்தை வைத்ததாக, இடுப்பு எலும்பின் மேல் உட்காரும்படி இருக்க வேண்டும். கழுத்துக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பு எலும்பின் மேல்பகுதி வரை உங்கள் முதுகை அளந்துகொண்டு, அதற்குப் பொருந்தும் பையை எடுங்கள். ஆனால் ஒன்று, ஜாக்கெட் போட்ட பிறகு இடுப்பு பெல்ட் சரியாக உட்காராமல் போகலாம். அதனால் ஜாக்கெட்டின் மேல் மாட்டிப் பார்க்காமல் எந்தப் பையையும் முடிவு செய்யாதீர்கள்.

ஐந்தாவது, சத்தமும் வெளிச்சமும். மலையேறுபவர்களுக்கான பைகளில் இரவில் மின்னும் பட்டை இருக்கும். நமக்கு அது ஆகாது. வெல்க்ரோவைப் பிரித்தால் இரவில் வெகுதூரம் கேட்கும். ஜிப்பின் உலோக நாக்கு கிலுகிலு என்று ஆடும். அதைக் கழற்றிவிட்டு நூல்கயிறு கட்டிக்கொள்ளுங்கள். பகலில் பச்சையாகத் தெரியும் சில துணிகள் இரவுப் பார்வைக் கருவியில் வெளுத்துத் தெரியும். அந்தக் கருவி யூனிட்டில் இருந்தால் சீனியரிடம் கேட்டு ஒரு முறை பையை அதில் பார்த்துவிடுங்கள். ஓடையில் விழுந்தால் பையை உடனே உதறிவிட வேண்டியிருக்கும். பக்கிளை ஒரு கையால், கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு விடுவிக்க வருகிறதா என்று வீட்டிலேயே பழகுங்கள்.

வெளியில் வரிசையாகப் பட்டை தைத்த பைகளை இப்போது எங்கும் பார்க்கலாம். 'மோலி' என்பார்கள். அசல் அளவில் பட்டையின் அகலம் ஓர் அங்குலம், வரிசைகளுக்கு இடைவெளி ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல். அலங்காரத்துக்கு வைத்த பைகளில் இந்த அளவு தவறியிருக்கும், எதை மாட்டினாலும் ஆடும். சரியான அளவே இருந்தாலும் கண்டதையும் வெளியே தொங்கவிடாதீர்கள். புதரில் மாட்டி இழுக்கும்.

முதலுதவிப் பொருளை எந்தப் பாக்கெட்டில் வைப்பது என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். குழுவில் எல்லோரும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். அடிபட்டுக் கிடப்பது நீங்களாக இருந்தால், இருட்டில் உங்கள் பையைத் துழாவுவது இன்னொருவனின் கை. ஒரு பெரிய ஊசி, மெழுகு தடவிய நூல், ஓர் உபரி பக்கிள், இவை மூன்றும் எப்போதும் பையில் இருக்கட்டும். என்னிடம் அன்று ஊசி இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் தைத்திருப்பேன்.

பெற்றோருக்கும் மற்ற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ராணுவ உடையின் வண்ணக்கோலம் போட்ட பையை ஆசைக்காக வாங்கி மாட்டிக்கொண்டு திரியாதீர்கள். 2016-ல் பதான்கோட் விமானதளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில்தான் வந்தார்கள். அதன் பிறகு, பொதுமக்கள் அந்த உடையைத் தவிர்க்க வேண்டும் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. நம் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கறுப்புப் பையே நன்றாக இருக்கும்.

என் சித்தூர் நண்பன் இப்போது ஊரில் மாந்தோப்பு வைத்திருக்கிறான். ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு கூடை அனுப்புவான். முட்டியைப் பற்றிக் கேட்டால் "மழைக்காலத்தில் கொஞ்சம் பேசும்" என்பான். பையைப் பற்றி அவன் இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தம்பிகளா, பயிற்சி முடிந்து முதல் விடுமுறைக்கு வரும்போது பை வாங்கப் போகிறீர்கள் என்றால் என்னையும் அழைத்துக்கொண்டு போங்கள். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். அரிசிப் பை இரண்டும் என் வீட்டில் தயாராக இருக்கும். நல்லபடியாகப் போய் வாருங்கள்.

ஜெய் ஹிந்த்.