மூச்சுக் காற்றும் அண்டை வீட்டார் உரிமையும்



உணவின்றிச் சில வாரங்கள் வாழலாம். நீரின்றிச் சில நாட்கள் வாழலாம். காற்றின்றிச் சில நிமிடங்கள்கூட வாழ இயலாது. வல்ல அல்லாஹ் விலையின்றி வழங்கியிருக்கும் இவ்வருட்கொடை எவருக்கும் தனிச்சொத்தன்று. நாம் எழுப்பும் புகையை எந்த மதிற்சுவரும் தடுப்பதில்லை. அது அண்டை வீட்டாரின் நெஞ்சுக்குள் அனுமதியின்றி நுழைகிறது.

பச்சைப் பூண்டும் வெங்காயமும் ஹலாலான உணவுகளே. ஆயினும் அவற்றை உண்டவர் அந்த வாடையுடன் பள்ளிவாசலுக்கு வருவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அருகில் நிற்பவருக்குத் துன்பம் நேரக் கூடாது என்பதே காரணம். சற்று நேரத்தில் மறையும் வாடைக்கே இத்தனை பேணுதல் என்றால், நோய் விளைவிக்கும் புகையைப் பற்றி என்ன சொல்வது?

சகோதரர்களே! கண்ணுக்குத் தெரியும் கரியைவிடத் தெரியாத நுண்துகளே கொடியது. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ 30இல் ஒரு பங்கே ஆன, 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத துகள்கள் நுரையீரலின் ஆழத்திற்குச் சென்று, ஆஸ்துமாவை மட்டுமின்றி மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தூண்டுகின்றன. வெளிக்காற்றின் மாசினாலும் அடுப்புப் புகையினாலும் ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் பேர் உரிய காலத்திற்கு முன்பே இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இதை மாற்ற இயலாது என்று எண்ண வேண்டாம். 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகை ஐந்து நாட்கள் லண்டனை மூடியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1956இல் அந்நாடு தூய காற்றுச் சட்டம் இயற்றி, வீட்டு அடுப்புகளின் புகையையும் கட்டுப்படுத்தியது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயம் ஒரு காலத்தில் பெட்ரோலில் கலக்கப்பட்டது. நம் நாடு 2000ஆம் ஆண்டில் அதைக் கைவிட்டது. 2021இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதுடன் உலகெங்கும் வாகனப் பெட்ரோலில் அது ஒழிந்தது. மனிதர் முடிவெடுத்தால் காற்று தூய்மையடைகிறது.

ஆலைகளையும் வாகனங்களையும் ஒழுங்குபடுத்துவது அரசின் கடமை. ஆனால் நம் கையாலேயே மூட்டும் நெருப்புக்கு யார் பொறுப்பு? அண்மையில் நமது மஹல்லாவில் ஒரு வலீமா விருந்து சிறப்பாக நடந்தேறியது. அன்றிரவு பிளாஸ்டிக் பூசிய இலைகளும் தெர்மாகோல் தட்டுகளும் மண்டபத்தின் பின்புறம் குவித்துக் கொளுத்தப்பட்டன. மதிலுக்கு அப்பால் மூச்சிரைப்பு நோயுள்ள ஒரு முதியவர் விடியும்வரை உட்கார்ந்தே இருந்தார். விருந்துண்டவர்களில் நானும் ஒருவன். தட்டுகள் எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. மணமக்களுக்காக துஆச் செய்த நாம், அந்த முதியவருக்கு என்ன பதில் சொல்வோம்? அடியார்களுக்கு இழைத்த தீங்கைப் பாதிக்கப்பட்டவரே மன்னிக்க வேண்டும் என்பதை நாம் அறிவோம்.

குப்பையைத் திறந்தவெளியில் எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் அபராதம் விதிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இலேயே ஆணையிட்டது. அபராதத்திற்கு அஞ்சி அல்ல, அல்லாஹ்வுக்கு அஞ்சி இதை நிறுத்துவோம். விருந்துகளில் வாழையிலை விரிப்போம். மட்கும் குப்பையை உரமாக்குவோம். ஏனையதைத் தரம் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைப்போம். அருகில் வசிப்போர் ஜும்ஆவுக்கு நடந்தே வருவோம். அதில் நன்மையும் உண்டு. காத்திருக்கும் வேளையில் வண்டியின் இயந்திரத்தை அணைத்து வைப்போம்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் பாற்பட்டதே. காற்றில் கிடக்கும் முள்ளையும் அகற்றுவோம். பிறருக்குத் தீங்கிழைக்காத நன்மக்களாக வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.